இன்சூரன்ஸ் கம்பெனி அரசிடம் சொல்லாமல் விட்டால் யார் தலையில் விடிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் 2,000 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 4,000 ரூபாய் என்று அவ்வப்போது செய்தி போடுகிறீர்கள். கூடவே கோரிப்பாளையம் சிக்னலிலோ பழங்காநத்தத்திலோ போலீஸ்காரர் ஒரு பைக்கை ஓரங்கட்டும் படமும் வருகிறது. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியில் வண்டிக்காரன் இருக்கிறான், போலீஸ் இருக்கிறது, ஆர்டிஓ ஆபீஸ் இருக்கிறது, பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்ட இன்சூரன்ஸ் கம்பெனியை மட்டும் காணோம். எந்த வண்டிக்கு இன்றைக்குக் காப்பீடு இருக்கிறது, எந்த வண்டிக்கு நேற்று ராத்திரி பன்னிரண்டு மணியோடு முடிந்தது என்று முதலில் தெரிந்துகொள்வது அந்தக் கம்பெனிதான். அதை அரசாங்கத்திடம் எத்தனை நாளைக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என்ன தண்டனை என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் ஆபீஸில் பாதிக்கு மேல் விபத்து வழக்குகள்தான், எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு, என்று கட்டின் மேல் எழுதியிருக்கும். எஃப்.ஐ.ஆர். நகல், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பெரியாஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, பாலிசி ஜெராக்ஸ், இந்த நாலும் சேர்ந்தால்தான் எங்களுக்கு வழக்கு. நாலில் கடைசியாக வந்து சேருவதும், வந்த பிறகு சிக்கல் பண்ணுவதும் பாலிசிதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என்பது வண்டிக்காரன் தன் வண்டிக்காகப் போடுவது இல்லை. ரோட்டில் போகிற, அந்த வண்டியையோ அதன் சொந்தக்காரனையோ ஒரு நாளும் பார்த்திராத, யாரோ ஒரு ஆள் அடிபட்டால் அவருக்குக் காசு கிடைப்பதற்காகப் போடுவது. அதனால்தான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 146ஆவது பிரிவில் அதைக் கட்டாயமாக்கியது, 196ஆவது பிரிவில் தண்டனையும் வைத்தது. உங்கள் வீட்டுத் தீக்காப்பீடு உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள விவகாரம். இது அப்படி இல்லை. இந்த ஒப்பந்தத்தில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார், அவர் யார் என்று விபத்து நடக்கும்வரை யாருக்கும் தெரியாது, அவர் சார்பில் கேட்க வேண்டியது அரசாங்கம்தான். அரசாங்கம் கேட்க வேண்டுமென்றால் அதற்குத் தகவல் வர வேண்டும்.

தகவல் வராமல் போனால், இல்லை அரைகுறையாக வந்தால், என்ன ஆகும் என்று ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆள் பெயர், கம்பெனி பெயர், வண்டி நம்பர் எதுவும் வேண்டாம்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பியவரை வாடிப்பட்டி ரோட்டில் ஒரு குட்டியானை அடித்துப் போட்டுவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, கம்பி வைத்தார்கள், இனி சாரத்தில் ஏறி நிற்க முடியாது. அவர் மனைவி ஒரு மஞ்சள் பையில் எல்லாத் தாளையும் போட்டுக்கொண்டு வந்தார், உள்ளே பாலிசி நகலும் இருந்தது, ஸ்டேஷனிலேயே கொடுத்திருந்தார்கள். பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. கம்பெனி முத்திரை, பாலிசி எண், குட்டியானையின் பதிவு எண், சரக்கு வாகனம் என்ற வகை, காப்பீடு முடியும் தேதி விபத்துக்கு நாலைந்து மாதம் தள்ளி. பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தோம். அதிலும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றே காட்டியது. கம்பெனி பெயர் பொருந்தியது, பாலிசி எண் பொருந்தியது, தேதி பொருந்தியது. சரி, நல்ல கேஸ் என்று மனுவைப் போட்டோம்.

கம்பெனியின் எதிருரை வந்தது. அதில் இருந்ததை அப்படியே சுருக்கிச் சொல்கிறேன்: இந்த எண்ணில் நாங்கள் கொடுத்த பாலிசி 75 முதல் 150 சிசி வரை உள்ள இருசக்கர வாகனத்துக்கானது, வாங்கிய பிரீமியம் 714 ரூபாயும் வரியும், மனுதாரர் தாக்கல் செய்திருக்கும் நகல் எங்களுடையது அல்ல, போலி, எனவே எங்களுக்குப் பொறுப்பு இல்லை.

விஷயம் இதுதான். குட்டியானை மாதிரி ஏழரை டன்னுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்துக்கு 2022 ஜூனிலிருந்து மத்திய அரசு வைத்திருக்கும் தேர்டு பார்ட்டி பிரீமியம் 16,049 ரூபாய், வரி தனி. நடுத்தர பைக்குக்கு 714. இடையில் ஒரு புரோக்கர் புகுந்து, கம்பெனியின் ஆன்லைன் பக்கத்தில் சரக்கு வண்டியின் நம்பரையே கொடுத்து, வகை என்ற இடத்தில் மட்டும் இருசக்கர வாகனம் என்று போட்டு, 714 கட்டி பாலிசியை எடுத்துவிடுகிறார். பிறகு அந்தத் தாளைக் கம்ப்யூட்டரில் திருத்தி, சரக்கு வாகனம் என்று மாற்றி, வண்டிக்காரனிடம் பன்னிரண்டாயிரமோ பதின்மூன்றாயிரமோ வாங்கிக்கொள்கிறார். வண்டிக்காரனுக்குக் கொஞ்சம் மிச்சம், புரோக்கருக்கு நிறைய மிச்சம். பாலிசி உண்மை, எண் உண்மை, வண்டி வகை மட்டும் பொய். இந்த வித்தை இங்கே மட்டும் நடப்பதில்லை, பல ஊர்களில் பிடிபட்டு பத்திரிகையிலும் வந்திருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பதிவு எண் குட்டியானையுடையது என்று ஆர்டிஓ ஆபீஸின் வண்டிப் பதிவேடான பி ரிஜிஸ்டரில் முதல் நாளிலிருந்து இருக்கிறது. அந்த எண்ணுக்கு இருசக்கர வாகனப் பாலிசி கொடுத்தோம் என்று கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. இரண்டு பதிவையும் ஒரு தடவை அருகருகே வைத்திருந்தால் பாலிசி எடுத்த அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். வைக்கவில்லை. அரசின் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது கம்பெனி பெயர், பாலிசி எண், முடியும் தேதி, அவ்வளவுதான். என்ன வகை வண்டிக்கு, என்ன பிரீமியத்துக்கு, யார் பெயரில் என்பது சேரவில்லை, சேர்ந்திருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. எதிருரை தாக்கல் செய்வதற்கு மட்டும் கம்பெனியிடம் அத்தனை விவரமும் இருக்கிறது பாருங்கள், கோர்ட்டில் நம்மைத் தோற்கடிக்கத் தேவை என்றால் ஒரே மாதத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதை முன்னாடியே ஆர்டிஓவிடம் கொடுத்திருந்தால் அந்தக் குட்டியானை வாடிப்பட்டி ரோட்டுக்கே வந்திருக்காது.

அந்த வழக்கில் வண்டிச் சொந்தக்காரர்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவரிடம் கடனில் வாங்கிய அந்த வண்டி ஒன்றுதான் சொத்து. தீர்ப்பு நகல் அந்த அம்மாவின் மஞ்சள் பைக்குள் போய்ச் சேர்ந்தது. நிறைவேற்றல் மனு போட்டிருக்கிறோம், எதை ஜப்தி செய்வது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். வட்டி மட்டும் தாளில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது எழுதப்பட்ட காலம் வேறு. 147ஆவது பிரிவில், பாலிசி வரும்வரை கையில் வைத்துக்கொள்ளத் தரும் தற்காலிகச் சீட்டான கவர் நோட்டைக் கொடுத்துவிட்டு அதன் கெடு முடிந்தும் பாலிசி கொடுக்கவில்லை என்றால், ஏழு நாளைக்குள் பதிவு அதிகாரிக்கோ அல்லது மாநில அரசு குறிப்பிடும் வேறு அதிகாரிக்கோ கம்பெனி தெரிவிக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. தெரிவிக்க வேண்டியது கம்பெனி, தெரிவிக்க வேண்டிய இடம் ஆர்டிஓ, கெடு ஏழு நாள். எவ்வளவு நேராக எழுதியிருக்கிறார்கள்! ஆனால் கவர் நோட்டை இன்றைக்கு யார் பார்க்கிறார்கள்? கார்பன் வைத்து எழுதிய அந்த மஞ்சள் சீட்டெல்லாம் எங்கள் ஆபீஸ் பரண் மேல் பழைய கட்டுகளில்தான் இருக்கிறது. இப்போது போனில் பணம் கட்டினால் அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்பில் பாலிசியே வந்துவிடுகிறது. இந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் 105ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது, பாலிசியை ரத்து செய்தாலோ நிறுத்தி வைத்தாலோ ஏழு நாளைக்குள் பதிவு அதிகாரிக்குக் கம்பெனி சொல்லியாக வேண்டும் என்று. 1988ஆம் ஆண்டுச் சட்டம் எழுதும்போது அந்தப் பிரிவு அந்த வடிவில் வரவில்லை. ஏன் விட்டார்கள் என்று என்னைவிடப் படித்தவர்கள் சொல்லட்டும். தபாலில் கடிதம் போட்ட காலத்தில் ஏழு நாள் கெடு வைத்தவர்கள், கம்ப்யூட்டர் வந்த காலத்தில் அதைக் கைவிட்டது எனக்கு விளங்கவே இல்லை.

சட்டம் விட்ட இடத்தைக் கோர்ட்டுகள்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செக் கொடுத்து பாலிசி வாங்குவார்கள், செக் திரும்பிவிடும். அப்போது பாலிசி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? 1997இல் இந்தர்ஜித் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம், செக் திரும்பியது கம்பெனிக்கும் வண்டிக்காரனுக்கும் உள்ள தகராறு, பாலிசியைக் கொடுத்துவிட்ட பிறகு அடிபட்டவரிடம் அதைச் சொல்லித் தப்ப முடியாது என்றது. 2007இல் தெத்தப்பா வழக்கில் கம்பெனி விபத்துக்கு முன்பே பாலிசியை ரத்து செய்து, வண்டிக்காரனுக்கும் ஆர்டிஓவுக்கும் எழுதிவிட்டது, அதனால் பொறுப்பு இல்லை என்று ஆனது. ஆனாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் நீ கொடு, பிறகு வண்டிக்காரனிடம் வாங்கிக்கொள் என்று நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி உத்தரவு போட்டது. 2012இல் லட்சுமம்மா வழக்கில் ரத்து செய்த தகவல் விபத்துக்குப் பிறகுதான் போனது, எனவே கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு. மூன்றையும் சேர்த்துப் படித்தால், எப்போது சொன்னாய், யாரிடம் சொன்னாய் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் சோறு தொங்குகிறது. அப்படிப்பட்ட விஷயத்தை ஒவ்வொரு வழக்கிலும் சாட்சி வைத்து, தபால் ரசீது காட்டி, குறுக்கு விசாரணை செய்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அன்றன்றைக்கு அரசுப் பதிவேட்டில் ஏறியிருந்தால் ஒரு பிரிண்ட் அவுட்டில் முடிந்து போகும்.

இதுவரை சொன்னது அடிபட்டவர் பக்கம். ஒழுங்காகப் பணம் கட்டும் வண்டிக்காரனுக்கும் இதே ஓட்டையால்தான் தொல்லை. எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் ஒருவர், தன் மொபெட்டுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி மகனை விட்டு ஆன்லைனில் புதுப்பித்தார். அடுத்த வாரம் சிம்மக்கல் பக்கம் நிறுத்தினார்கள், போலீஸ்காரர் கையில் இருந்த மெஷினில் காப்பீடு முடிந்துவிட்டது என்றே வந்தது. போனில் இருந்த பாலிசியைக் காட்டினார். காட்டினால் ஏற்க வேண்டும் என்று 2018இலேயே விதியைத் திருத்தி, மின்னணு ஆவணம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள், அந்தப் போலீஸ்காரரும் நல்லவர், விட்டுவிட்டார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. சலான் விழுந்தபிறகு அதை ரத்து செய்ய நடக்கிற நடைக்கு 2,000 ரூபாயைக் கட்டித் தொலைக்கலாம் என்று கட்டுகிறவர்கள்தான் அதிகம். கம்பெனி பணம் வாங்கிக்கொண்டு பதிவேற்றத் தாமதித்ததற்கு அந்தப் பால்காரர் ஏன் நடுரோட்டில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, தெரியாமலே காப்பீடு இல்லாமல் ஓட்டுகிறவர்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக் வாங்கினால் ஐந்து வருஷத்துக்கும், புது கார் வாங்கினால் மூன்று வருஷத்துக்கும் தேர்டு பார்ட்டி காப்பீட்டைச் சேர்த்தே போட வேண்டும், உச்ச நீதிமன்றம் ராஜசேகரன் வழக்கில் சொன்னதால் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வருஷம் என்பது மனுஷனுக்கு மறந்து போகிற காலம். ஷோரூமில் வண்டியோடு கொடுத்த தாள், பீரோவுக்குள் எங்கேயோ கிடக்கும். முதல் வருஷத்தோடு வண்டிச் சேதத்துக்கான பகுதி முடிந்துபோகும், அதைப் புதுப்பிக்கச் சொல்லி போன் மேல் போன் வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும், பிறகு மொத்தமும் முடிந்த நாளில் அவருக்கு எது முடிந்தது எது இருக்கிறது என்று தெரியாது. அப்படி வாங்கிய வண்டிகளுக்கு 2023 செப்டம்பரிலிருந்து வரிசையாக ஐந்து வருஷம் முடிந்துகொண்டே வருகிறது. நாட்டில் பதிவான வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே எழுதியிருக்கிறது. அத்தனை பேரும் வேண்டுமென்றே ஏய்க்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. 714 ரூபாயும் வரியும் சேர்ந்தால் 850க்குள் அடங்கும், மதுரையில் ஒரு குடும்பம் ஒரு நாள் ராத்திரி பரோட்டாக் கடைக்குப் போனால் ஆகிற செலவு.

இங்கிலாந்தில் 2011 முதல் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கம்பெனிகள் பாலிசி விவரத்தை ஒரே பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிடும், அதையும் வண்டிப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, காப்பீடு இல்லாத வண்டிக்காரனுக்கு வீட்டுக்கே கடிதம் போகும், வண்டி ரோட்டில் இறங்காமல் கொட்டகையில் நின்றாலும் சரி. அமெரிக்காவில் இது மாநிலங்களின் சட்டம். நியூயார்க் மாநிலத்தில் காப்பீடு தொடங்கினாலும் அறுந்தாலும் கம்பெனி மோட்டார் வாகனத் துறைக்கு மின்னணு வழியில் தெரிவித்தாக வேண்டும், அறுந்தால் வண்டிப் பதிவையே நிறுத்தி வைத்துவிடுவார்கள், அதனால் காப்பீட்டை நிறுத்த நினைக்கிறவர் முதலில் நம்பர் பிளேட்டைக் கழற்றி அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். டெக்சாஸில் 2008 முதல் டெக்சாஸ்ஷூர் என்ற பெயரில் இப்படி ஒப்பிடும் ஏற்பாடு ஓடுகிறது. அங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. காப்பீடு இல்லாத வண்டி அங்கேயும் ஓடுகிறது. ஆனால் கம்பெனி சொல்லாமல் விட்டால் அது கம்பெனியின் குற்றம் என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

கம்பெனிக்காரர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியும், எங்கள் எதிர்த்தரப்பு குமாஸ்தா ஒருவர் டீக்கடையில் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஹைதராபாதில் இன்சூரன்ஸ் தகவல் பணியகம் என்று ஒன்று இருக்கிறது, நாங்கள் எல்லாப் பாலிசியையும் அங்கே ஏற்றுகிறோம், அங்கிருந்து அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனுக்குப் போகிறது, இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்றார். போகிறது, மறுக்கவில்லை. அது போவதால்தான் போலீஸ் மெஷினில் ஏதாவது தெரிகிறது. என் கேள்வி, எத்தனை மணி நேரத்தில் போக வேண்டும், தப்பாகப் போனால் யார் திருத்த வேண்டும், போகாவிட்டால் யாருக்கு அபராதம் என்பது. நான் பார்த்த எந்தப் பாலிசித் தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வண்டிக்காரன் என்னென்ன செய்யக் கூடாது என்று மட்டும் பொடி எழுத்தில் இரண்டு பக்கம் இருக்கும்.

மற்ற எல்லோருக்கும் கெடு இருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய விதிகளின்படி, விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும், 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. டிரைவரும் ஓனரும் தனித்தனிப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அடிபட்டவர் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், கை கால் உடைந்து கட்டிலில் கிடந்தாலும் போட வேண்டும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இதற்கெனத் தனிப்பிரிவு வையுங்கள் என்று 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. விபத்து விவரத்தைப் பதிகிற ஐராட் தளத்தை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பங்கு உண்டு, முதலில் சோதித்துப் பார்த்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்துக்கு அப்புறம் இத்தனை ஏற்பாடு. விபத்துக்கு முன்னால், பாலிசி கொடுத்த நாளில், கொடுத்தவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஊருக்குத் தெரிந்த கெடு இல்லை. போதாக்குறைக்கு 2025 மே மாதம் அறிவித்த இலவச சிகிச்சைத் திட்டத்தில், விபத்து நடந்த ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறார்கள், அதில் காப்பீடு உள்ள வண்டி என்றால் ஒரு கணக்கு, இல்லாத வண்டி என்றால் அரசின் கணக்கு. ஆக கம்பெனி தப்பாகச் சொன்னாலோ சொல்லாமல் விட்டாலோ நம் வரிப்பணமும் போகிறது.

இங்கே அரசு பஸ்ஸைப் பற்றி யாராவது கேட்பார்கள், கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு வாங்க வழி இருக்கிறது, இழப்பீட்டுக்குத் தனி நிதி வைத்திருந்தால் போதும். அந்த நிதியிலிருந்து நேரத்துக்குப் பணம் வராமல், பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியை நீங்களே எத்தனை தடவை போட்டிருப்பீர்கள். அது தனிக் கதை, அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள், ஜப்தி செய்வதற்கு அங்கே ஒரு பஸ்ஸாவது இருக்கிறது.

பழைய வண்டி விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியை அனுப்பிவிடுகிறோம், வாங்கியவர் பெயர் மாற்றாமலே மூன்று கை மாறிவிடும். ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் 14 நாளைக்குள் இன்சூரன்ஸிலும் பெயர் மாற்றக் கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று 157ஆவது பிரிவு சொல்கிறது. யார் எழுதுகிறார்கள்? புது ஆள் அதே வண்டிக்குத் தன் பெயரில் புதுப்பிக்க வரும்போது, ஆர்.சி.யில் வேறு பெயர் இருக்கிறதே என்று கம்பெனிக்குத் தெரியும், தெரிந்தும் பணத்தை வாங்கிக்கொள்கிறது. அதை அன்றைக்கே ஆர்டிஓவுக்கு ஒரு வரி தட்டிவிட்டால் விற்றவர் தலை தப்பும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கவர் நோட்டுக்கு வைத்த ஏழு நாள் கெடுவை ஒவ்வொரு பாலிசிக்கும் வையுங்கள், இந்தக் காலத்துக்கு ஏழு நாள்கூட அதிகம், 24 மணி நேரம் போதும். தொடக்கம், முடிவு, ரத்து, செக் திரும்பியது, பெயர் மாற்றம் எல்லாம் போக வேண்டும், வண்டி வகையும் வாங்கிய பிரீமியமும் சேர்ந்து போக வேண்டும், பி ரிஜிஸ்டரோடு பொருந்தாவிட்டால் பதிவு அதை ஏற்காமல் திருப்பியடிக்க வேண்டும். பதிவேறியது என்ற ஒப்புகை பணம் கட்டியவர் போனுக்கு வர வேண்டும். கம்பெனி சொல்லாமல் விட்டிருந்தால், அடிபட்டவருக்கு எதிராக அந்தப் பாலிசி செல்லாது என்று வாதாடும் உரிமை அதற்கு இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்கு நாடாளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும், தெரியும். நம் எம்.பி.க்கள் அங்கே கேட்கட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாநில அரசு குறிப்பிடும் அதிகாரி என்ற வார்த்தையை அந்த 147ஆவது பிரிவிலேயே வைத்திருக்கிறார்கள். மதுரையில் வடக்கு, தெற்கு, மத்தி என்று மூன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது, டிஎன் 59, 58, 64. மாதம் ஒரு தடவை, இந்த மூன்று ஆபீஸில் பதிவான வண்டிகளில் எதெதற்குக் காப்பீடு முடிந்தது என்று பட்டியல் எடுத்து, ஓனரின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். வரி கட்டச் சொல்லி மாநகராட்சி அனுப்புகிறது, கரண்ட் பில்லுக்கு மின்வாரியம் அனுப்புகிறது, இவர்களுக்கு மட்டும் என்ன?

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் யாராவது இதற்குப் பதில் எழுதினால், தயவுசெய்து அதையும் முழுசாகப் போடுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே அனுப்பிவிடுகிறோம் என்றுதான் எழுதுவார்கள். அப்படி எழுதுகிறவர்கள், போன மாதம் மதுரை மாவட்டத்தில் தாங்கள் ரத்து செய்த பாலிசிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்தத் தேதியில் ரத்தானது, எந்தத் தேதியில் ஆர்டிஓ பதிவில் ஏறியது என்ற இரண்டு தேதியையும் சேர்த்தே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
செல்லூர், மதுரை